மேனேஜருக்கு ஒரு வரி

ஜனவரி 8

பேராண்டிக்குப் பாட்டி எழுதுவது.

நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அது சம்மதித்தால் எழுந்திருக்கிறேன், சம்மதிக்காவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே வேலை. நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

நீ செய்தது சரியில்லை. ஒரு வாரம் இங்கே தங்கிச் சாப்பிட்டுவிட்டு, டாக்சிக்குள் ஒரு காலை வைத்த பிறகு, "பாட்டி, நான் போறது சித்தப்பா இருக்கிற ஆபீசுக்குத்தான்" என்று சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாய். இது உன் அப்பன் சொல்லிக்கொடுத்த வித்தை. அவனும் சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு, தெருமுனை வரை ஓடிப்போய் அங்கிருந்துதான் சொல்லுவான்.

அன்றைக்குச் சொல்ல விடாததை இப்போது சொல்கிறேன். உன் தாத்தா போனபோது யார் யாரோ வந்தார்கள். சண்டை போட்டவர்கள்கூட வந்தார்கள். வரவேண்டிய சின்னவன் வரவில்லை, தந்திதான் வந்தது. "வர இயலவில்லை. விடுப்பு இல்லை." நாலே வார்த்தை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்தக் காகிதத்தில் எந்த எழுத்து மங்கியிருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். பிறகு வந்த கடிதங்களையெல்லாம் தபால்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஒரு கட்டத்தில் அவையும் நின்றன. பதினேழு வருஷமாகிறது.

ஆகையால் உன் கடிதத்தில் அந்த ஆளின் பேர் வரக்கூடாது. சித்தப்பா என்ற சொல்லும் வரக்கூடாது. வந்தால் உன் கடிதமும் திரும்பும்.

இன்னொன்று. அறையைப் பூட்டுவதற்கு முன்னால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடு. வயரைச் சுற்றி மேலே வை. தாத்தாவின் தையல் கடையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்காமல் பூட்டியதால் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். ஊராருடைய துணியெல்லாம் கரியானது. மறந்துபோயிற்று என்றார் தாத்தா. பூட்டுப் போட மட்டும் மறக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாட்டி


ஜனவரி 25

அன்புள்ள பாட்டிக்குப் பேரன் வணக்கம்.

வந்து சேர்ந்தேன். முதல் வாரம் சளி பிடித்தது, இப்போது இல்லை. உங்கள் முழங்காலுக்கு டாக்டர் கொடுத்த தைலத்தைத் தடவுகிறீர்களா, இல்லை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?

நீங்கள் சொன்னபடி பேர் எழுதவில்லை. ஆனால் ஆளே இல்லாமல் ஒரு ஆபீசைப் பற்றி எப்படி எழுதுவது? அதனால் "மேனேஜர்" என்று எழுதுகிறேன். ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்.

கீழே பெயின்ட் கடை, மேலே நாங்கள். படியேறும்போதே மூக்கில் டர்பன்டைன் வாசனை ஏறுகிறது. மொத்தம் மூன்று அறைகள். முன்னறையில் டைப்பிஸ்ட் அக்கா, நடு அறையில் மேனேஜர், பின்னறையில் பம்பு உதிரிபாகங்கள். பின்னறைக் கதவு உயரம் கம்மி. மேனேஜர் மட்டும் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு நுழைகிறார்.

என் வேலை இதுதான். இங்கே யார் என்ன கேட்டார்கள், கையிருப்பு என்ன என்பதையெல்லாம் இதுவரை ஃபேக்சில் அனுப்பி வந்தார்கள். இனிமேல் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டரும் இங்குள்ள கம்ப்யூட்டரும் டெலிபோன் கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும். நடுவில் மோடம் என்று ஒரு பெட்டி, சாப்பாட்டு டப்பா அளவுதான். ஆபீஸ் பூட்டிய பிறகு தலைமை அலுவலகம் தானாகப் போன் போடும். மோடம் எடுக்கும். அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டு வைத்துவிடும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டியதில்லை.

இதைச் சொன்னதும் டைப்பிஸ்ட் அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, இந்தப் பெட்டி பேச ஆரம்பிச்சிட்டா அப்புறம் நம்மகிட்ட யாரு பேசுவா?"

"இப்ப மட்டும் யார் பேசறாங்க?" என்றார் மேனேஜர், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் வந்த அன்று என் பெட்டியை வாங்கி மாடிக்குத் தூக்கிவந்தவர் அவர்தான். வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், டீ குடிக்கும்போது, "அங்க வாசப்படி ஏற முடியுதா?" என்றார். யாரால் என்று சொல்லவில்லை. "பிடிச்சிக்கிட்டு ஏறறாங்க" என்றேன். நானும் யார் என்று சொல்லவில்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வெளியே கிளம்பினால் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும் என்பீர்களே, இப்போது அதை யார் அணைக்கிறார்கள்? அவ்வளவு உயரத்தில் இருக்கிறதே.

இணைப்பு சரியானதும் கிளம்பிவிடுவேன். சில வாரங்கள்தான்.

உங்கள் பேரன்


பிப்ரவரி 10

பேராண்டிக்கு,

சளி போனது நல்லது. தைலம் அலமாரியில்தான் இருக்கிறது. வாசனை பிடிக்கவில்லை.

உன் அப்பன் மறுபடியும் எழுதியிருக்கிறான், அங்கே வந்து தங்கும்படி. வரமாட்டேன் என்று பதில் போட்டுவிட்டேன். உன் அம்மா ஒரு நாள் அடுப்படியில் நின்றுகொண்டு, "அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தமா இருந்தா எல்லாருக்கும் நிம்மதி" என்று சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது. நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். எதிர்வீட்டு டிரைவர் இரவல் வாங்கிப்போன ஏணி இன்னும் திரும்பி வரவில்லை. தாத்தா இருந்தபோது வாங்கியது. நானும் கேட்கவில்லை. அவனாகக் கொடுக்கிற நாள் வரட்டும் என்று ஒவ்வொரு நாளும் அவன் முகத்தைப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் அவன் தெருவின் அந்தப் பக்கமாக நடக்கிறான்.

ஆபீசைப் பற்றி எழுதியதைப் படித்தேன். ஆள் பக்கத்தில் இல்லாமல் போன் பேசிக்கொள்ளுமாம். அதற்கு என்ன பேச இருக்கிறதோ.

மேனேஜர் என்று யாரோ இருப்பதாக எழுதியிருக்கிறாய். எழுதிக்கொள், அது உன் ஆபீஸ் சமாச்சாரம். மூன்று அறை என்றால் அவர் எங்கே தூங்குகிறார்? மதியம் என்ன சாப்பிடுகிறார், யார் சமைக்கிறார்கள்? சும்மா கேட்டேன். ஒரு ஆபீஸ் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

சீக்கிரம் வந்து சேர்.

பாட்டி


மார்ச் 1

அன்புள்ள பாட்டிக்கு வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் காது நன்றாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. மெயின் சுவிட்சைப் பற்றிக் கேட்டிருந்தேன், பதில் காணோம்.

இங்கே வேலை முடியவில்லை. முடிந்த மாதிரி இருக்கிறது, ஆனால் முடியவில்லை. பகலில் சோதித்தால் மோடம் அருமையாகப் பேசுகிறது. முதலில் ஒரு கிறீச், பிறகு சீறல், பிறகு அமைதி. அந்த அமைதி வந்தால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் ஆபீஸ் பூட்டிய பிறகு தலைமை அலுவலகம் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறதாம், எடுக்க ஆளில்லாத வீட்டில் அடிப்பதுபோல. காலையில் நான் வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, விளக்கெல்லாம் எரிகிறது. டெலிபோன் இலாகாக்காரர்கள் வந்து கம்பியைப் பார்த்து, கம்பியில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். வேறு மோடம் வரவழைத்தேன். அதுவும் எடுக்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து தினமும் ஒரு ஃபேக்ஸ் வருகிறது: "நேற்றும் இணைப்பு கிடைக்கவில்லை."

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மேனேஜருக்குக் கம்பெனி ஒரு அறை கொடுத்திருக்கிறது, பஸ்ஸில் போகும் தூரம். சமையல் அவரேதான். மதியச் சாப்பாட்டை மேஜைமேல் காகிதம் விரித்துச் சாப்பிட்டுவிட்டுக் காகிதத்தை எட்டாக மடிக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்குப் போனேன். ஒரே ஒரு நாற்காலி. என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார். "இன்னொன்னு வாங்கணும்னு தோணல. ரெண்டு பேர் உட்கார வேண்டி வந்ததில்ல" என்றார்.

டைப்பிஸ்ட் அக்கா சொன்னது: "இவர் லீவு போட்டு நான் பார்த்ததே இல்ல. போட்டா சாவிய யார்கிட்ட குடுப்பாரு? ஆர்டர்ல கையெழுத்து யாரு போடுவா? ஒரே ஒரு தடவ, நான் சேர்ந்த புதுசுல, பெட்டியெல்லாம் கட்டிட்டாரு. அன்னிக்குன்னு பார்த்து துறைமுகத்துல சரக்கு நின்னுபோச்சு. கையெழுத்துக்கு வேற ஆள் இல்ல, போகாதேன்னு மேலேருந்து உத்தரவு. கட்டின பெட்டி மேஜைக்கடியிலேயே கெடந்துச்சு. பெருக்கறதுக்காக நகர்த்தப் போனேன், தொடாதேன்னுட்டாரு."

எந்த வருஷம் என்று நான் கேட்டேன். நீங்கள் நினைக்கும் வருஷம்தான்.

உங்கள் பேரன்


மார்ச் 16

சரக்கு நின்றுபோயிற்று என்று எழுதியிருக்கிறாய். சரக்கு காத்திருக்கும். அதற்கு உயிரா போகிறது?

உன் தாத்தாவை நடுக்கூடத்தில் கிடத்தி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். தெருவில் எந்த வண்டி நின்றாலும் என் தலை வாசல் பக்கம் திரும்பியது. பால்காரர் வண்டிக்குத் திரும்பியது. குப்பை வண்டிக்கும் திரும்பியது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். எடுத்துவிடலாம் என்று கடைசியில் நான்தான் சொன்னேன்.

மேஜைக்கடியில் பெட்டி கிடந்ததை எனக்கு எழுதாதே.

நான் கேட்டது மேனேஜரைப் பற்றி.

பாட்டி


ஏப்ரல் 4

அன்புள்ள பாட்டிக்கு வணக்கம்.

போன கடிதத்தில் உங்கள் உடம்பைப் பற்றி ஒன்றும் இல்லை. என் உடம்பையும் நீங்கள் கேட்கவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். கோபம் தணிந்திருந்தால் தொடர்ந்து படியுங்கள். தணியாவிட்டாலும் படியுங்கள், அவசரம்.

மோடம் ஏன் எடுப்பதில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். தினமும் ஆபீசைத் திறப்பது மேனேஜர்தான். போன வாரம் சாவியைக் கேட்டு வாங்கி, அவருக்கு முன்னால் போய்த் திறந்தேன். எல்லாப் பிளக்கும் சுவரிலிருந்து பிடுங்கியிருந்தது. மோடத்தின் வயர் எட்டுப் போலச் சுற்றி அதன் தலைமேல் வைத்திருந்தது. எனக்கு உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் பார்த்த மாதிரி இருந்தது. தினமும் பூட்டும்போது பிடுங்கிவிட்டு, காலையில் நான் வருவதற்குள் திருப்பிச் சொருகி வைத்திருக்கிறார்.

"இதை ஏன் பிடுங்கினீங்க?" என்றேன்.

"பூட்டும்போது எல்லாத்தையும்தான் பிடுங்குவேன்."

"பூட்டினப்புறம்தான் இதுக்கு வேலையே!"

"அப்படியா? சரி, விட்டுடறேன்."

அன்றைக்கும் பிடுங்கியிருந்தது. பிளக்கின்மேல் டேப் ஒட்டினேன். டேப்பை உரித்து, வீணாகாமல் மேஜை விளிம்பில் ஒட்டி வைத்திருந்தார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பிளக்கே இல்லாமல் நேராக இணைத்தேன். அன்று மாடிக்கே மெயினை இறக்கிவிட்டுப் போயிருந்தார். டைப்பிஸ்ட் அக்கா பார்த்திருக்கிறார்: "பிடுங்காமத்தான் போனாரு தம்பி. பஸ் ஸ்டாப் வரைக்கும் போனாரு. பஸ் வந்துச்சு. ஏறாம திரும்பி வந்து கதவைத் திறந்தாரு."

எனக்குக் கோபம் வந்தது. "வேணும்னே செய்யறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லடா. பூட்டின வீட்டுக்குள்ள கரண்ட் ஓடிட்டு இருக்குன்னு நெனச்சா எனக்குக் கால் நகரமாட்டேங்குது."

"யார் அப்படிச் சொல்லிவச்சது உங்களுக்கு?"

என்னையே பார்த்தார். "உனக்குத் தெரியாதா? சொன்னவங்க வந்து வேண்டாம்னு சொன்னா விட்டுடறேன். வேற யார் சொன்னாலும் கை கேக்கல."

பாட்டி, விஷயம் இதுதான். மேனேஜர் கம்ப்யூட்டரை எதிர்க்கிறார், ஒத்துழைக்க மறுக்கிறார் என்று தலைமை அலுவலகம் முடிவு கட்டிவிட்டது. மே மாதக் கடைசிக்குள் இணைப்பு நிலைக்காவிட்டால் அவரை எடுத்துவிட்டு வேறு ஆள் போடுவார்கள். வேலையோடு அந்த அறையும் போய்விடும். அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். பிளக்கின் கதையைச் சொன்னால் சிரிப்பார்கள்.

நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். "மேனேஜருக்கு" என்றே எழுதுங்கள்.

உங்கள் பேரன்


ஏப்ரல் 19

பேராண்டிக்கு,

உடம்பு இருக்கிறபடி இருக்கிறது. எழுத மாட்டேன்.

இவ்வளவு வருஷம் கழித்து நான் முதலில் எழுத வேண்டுமாம், அதுவும் ஒரு பிளக்குக்காக. நான் சொன்னதைக் கேட்டு நடக்கிறாராம் மேனேஜர். சரி, நான் எத்தனையோ சொன்னேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அந்த ஊருக்குப் போகாதே என்றேன். ஒரே வருஷம்தான் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனது யார்? அந்தச் சொல்லெல்லாம் காற்றில் போயிற்று, பிளக்கைப் பிடுங்கு என்றது மட்டும் காதில் தங்கிவிட்டதோ?

நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளியூர் கிளம்பினால் நாங்களெல்லாம் மூட்டையோடு தெருவில் நிற்போம். இவன் மட்டும் உள்ளே இருப்பான். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி, வயரைச் சுற்றி, கடைசியாக மெயினை இறக்குவான். உன் தாத்தாவுக்கும் உன் அப்பனுக்கும் நாற்காலி வேண்டும், இவனுக்குக் கையைத் தூக்கினால் போதும். பதினாலு வயதிலேயே எட்டியது. அதனால்தான் நெட்டை என்று பேர். இருட்டுக்குள்ளிருந்து தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்து, "எல்லாம் செத்துப்போச்சு, பூட்டலாம்" என்பான். கிளம்பும்போது அப்படிச் சொல்லாதே என்று ஒவ்வொரு தடவையும் திட்டுவேன். ஒவ்வொரு தடவையும் சொல்லுவான்.

எழுத மாட்டேன் என்று சொன்னேன் அல்லவா. அதில் மாற்றமில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், எழுதுவதற்காக இல்லை. சுற்றிய வயரின் நுனியை உள்ளே சொருகியிருந்ததா, வெளியே தொங்கவிட்டிருந்ததா?

பாட்டி


மே 3

அன்புள்ள பாட்டிக்கு வணக்கம். இருவரும் நலம்.

உள்ளே சொருகியிருந்தது.

நான் இனிமேல் உங்களைக் கேட்க மாட்டேன். மாதக் கடைசியில் அறிக்கையை அனுப்ப வேண்டும். நேற்று அவர் மேஜை இழுப்பறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "சும்மா, தூசி" என்றார்.

உங்கள் பேரன்


மே 14

மேனேஜர் அவர்களுக்கு,

அந்தப் போன் பேசுகிற பெட்டியின் பிளக்கை மட்டும் பிடுங்க வேண்டாம், அங்கே மெயினையும் இறக்க வேண்டாம். நான்தான் சொல்கிறேன். மற்றதையெல்லாம் வழக்கம்போலப் பிடுங்கு. பெட்டிக்குப் பக்கத்தில் காகிதம், துணி எதுவும் இருக்கக் கூடாது. தொட்டுப் பார், ரொம்பச் சுட்டால் பேரனிடம் சொல்.

பாதி வழியில் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வரக் கூடாது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஆபீசில் வேலை செய்யும் பையனின் பாட்டி


ஜூன் 2

அன்புள்ள பாட்டிக்கு வணக்கம். நான் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்தது. உறையின்மேல் பேரில்லாமல் "மேனேஜர்" என்று மட்டும் இருந்ததால் டைப்பிஸ்ட் அக்கா வழக்கம்போலக் கிழித்துத் திறந்தார். இரண்டு வரி படித்துவிட்டு, யாரோ வாடிக்கையாளர் கோபமாக எழுதியிருக்கிறார் என்று புகார்த் தட்டில் போட்டுவிட்டார். மேனேஜர் அன்று பிற்பகல்தான் அந்தத் தட்டைப் பார்த்தார். நின்றுகொண்டே படித்தார். அப்புறம் உட்கார்ந்து படித்தார். "இது புகார் இல்லயா சார்?" என்று அக்கா கேட்டார். "புகார்தாம்மா" என்றார்.

சாயங்காலம் மோடத்தையும் அதன் கம்ப்யூட்டரையும் மட்டும் விட்டுவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுற்றி வைத்தார். மோடத்துக்குப் பக்கத்தில் இருந்த காகிதக் கட்டைத் தூக்கித் தூரமாக வைத்தார். பெட்டியின்மேல் கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. பூட்டினார். பஸ் ஸ்டாப்பில் நானும் கூட நின்றேன். முதல் பஸ் வந்தது, ஏறவில்லை. திரும்பியும் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை ஃபேக்ஸ் வந்தது: "இணைப்பு கிடைத்தது." அதற்கப்புறம் ஒரு நாளும் தவறவில்லை. அறிக்கையில் நல்லபடியாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை நிலைத்துவிட்டது.

இன்னொரு செய்தி. இனிமேல் ஆர்டரைத் தலைமை அலுவலகத்திலேயே பார்த்துக் கையெழுத்திட முடியும். ஆகவே மேனேஜர் ஆபீசைப் பூட்டிவிட்டு விடுப்பில் போகலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு, "எங்க போறது?" என்றார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

என்னை வேறொரு கிளைக்கு அனுப்புகிறார்கள், நாளை கிளம்புகிறேன். போகுமுன் ஒரு நாற்காலி வாங்கி அந்த அறையில் போட்டுவிட்டு வந்தேன். "எதுக்குடா, நீதான் போறியே" என்றார்.

உங்கள் பேரன்


ஜூலை 21

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நலம்.

பதில் எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இத்தனை நாள் அப்படியே இருந்தேன். பெட்டி சூடாகவில்லை. பக்கத்தில் காகிதம் எதுவும் வைப்பதில்லை. பூட்டிவிட்டுப் போகும்போது கண்ணாடி வழியாக அதன் சின்ன விளக்கு தெரிகிறது. முதலில் பயமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. அண்ணன் மகன் போனபிறகு, பார்த்துவிட்டுப் போக அது ஒன்று இருக்கிறது.

அண்ணன் எத்தனை தடவை கூப்பிட்டும் நீங்கள் வீட்டைவிட்டு ஒரு நாள்கூடப் போவதில்லை என்று அவன் மகன் சொன்னான். அண்ணி சொன்ன ஏதோ ஒரு சொல்தான் காரணம் என்றான். இருக்கலாம். ஆனால் எனக்கு வேறொன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

நம் வீட்டு மெயின் சுவிட்ச் இன்னும் கதவுக்கு மேலே அதே உயரத்தில்தான் இருக்கிறதா? அதை யார் அணைக்கிறார்கள்?

இப்படிக்கு,
மேனேஜர்


ஆகஸ்ட் 5

நெட்டைக்கு,

உடம்பைக் கேட்டிருக்கிறாய். முழங்கால் வலிக்கிறது, மற்றது பரவாயில்லை. நீ இளைத்திருக்கிறாயா என்று பேரன் எழுதவில்லை. காகிதம் விரித்துச் சாப்பிடாதே, தட்டில் சாப்பிடு.

யாருக்கு எழுதுகிறாய், நீங்கள் நீங்கள் என்று? வங்கிக்கு எழுதுவதுபோல இருக்கிறது. வீட்டில் என்னை நீ என்றுதான் கூப்பிடுவாய். சண்டை போட்டபோதும் நீ என்றுதான் போட்டாய். கீழே மேனேஜர் என்று வேறு போட்டிருக்கிறாய். அது நான் வைத்த பேர் இல்லை, உன் அண்ணன் மகன் வைத்தது.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அது இருக்கிறது. நேரில் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது, வரிசையாக ஞாபகம் வைத்திருக்கிறேன். எழுதினால் கை வலிக்கும்.

நீ கேட்டதைப் பேரனும் கேட்டான். அவனுக்கு நான் சொல்லவில்லை. சுவிட்ச் அதே உயரத்தில்தான் இருக்கிறது. எனக்கு எட்டவில்லை. நாற்காலிமேல் ஏற முழங்கால் விடவில்லை. மெயினை இறக்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போக எனக்கும் கால் நகரவில்லை. அதனால் நான் எங்கேயும் போவதில்லை. உன் அண்ணியை அதற்கு ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். சொன்னது சொன்னதுதான், இருந்தாலும் பாவம்.

யாரையாவது கூப்பிட்டு இறக்கச் சொல்லியிருக்கலாமே என்பாய். உன் அண்ணன் ஒரு தடவை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினான். இறங்கு என்றேன். எதிர்வீட்டு டிரைவரும் ஒரு தடவை கேட்டான், வேண்டாம் என்றேன். அது உன் வேலை. அதை இன்னொருத்தன் கையில் கொடுத்தால் நீ போய்விட்டாய் என்று ஆகிவிடும்.

பூட்டிவிட்டு வரலாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாமே. அந்தப் பெட்டி அங்கே எரிந்துகொண்டிருக்கட்டும், பிடுங்காதே.

இங்கே வந்து இதை இறக்கு. நான் மூட்டையோடு தெருவில் நிற்கிறேன்.

அம்மா